ஞாபகத்தில் குறையில்லை

மதுரை
9 ஜூன் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

உறையில் இருக்கும் கையெழுத்தைப் பார்த்ததும் யார் என்று தெரிந்திருக்கும். கிழித்துப் போடாமல் படிக்கிறாய் என்றால் அதுவே போதும். உன் பழைய போன் எண் அணைந்து கிடக்கிறது. புது எண்ணை எங்கள் யாருக்கும் தரக் கூடாது என்று நதியா அண்ணியிடம் சொல்லியிருக்கிறாயாம். அண்ணியின் அம்மாதான், "எஸ்டேட் ஆபீசுக்குத் தபால் போடுத்தா, சின்னமனூர் பஸ்ல ஏத்தி விட்டுருவாக" என்று முகவரி கொடுத்தார்.

அப்பாவைப் பற்றித்தான். உயிருக்கு ஒன்றுமில்லை, பயப்படாதே. பயப்பட மாட்டாய் என்றும் தெரியும்.

நான் இப்போது ஒரு ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். பல வருடம் ரத்த அழுத்தம் இருந்தவர்களுக்கு மூளைக்குள் ஓடும் மயிரிழை போன்ற ரத்தக் குழாய்கள் கெட்டுப்போகின்றன. பக்கவாதம் மாதிரி ஒரே நாளில் விழுத்தாட்டாது. உள்ளுக்குள்ளேயே கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கும். அந்தக் குழாய்களின் சுவர் பழுதாகும்போதும் நரம்பு இழைகள் நொறுங்கும்போதும் சில புரதங்கள் ரத்தத்தில் ஏறுகின்றன. அவற்றை அளந்தே நோயை முன்கூட்டிக் கண்டுபிடிக்க முடியுமா என்பதுதான் எங்கள் ஆய்வு. போன மாதம் அப்பா மதுரைக்கு வந்தபோது நான்தான் அவரை அதில் சேர்த்துவிட்டேன். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர், ஒரு தடவை தலையையும் பார்த்துவிடலாம் என்றுதான்.

ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள், பிறகு டாக்டரம்மா கேள்வி கேட்டார். என்ன கிழமை, என்ன மாதம், காலையில் என்ன சாப்பிட்டீர்கள். சில சொற்களைச் சொல்லி, கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பக் கேட்டார். அப்பா ஒன்றையும் விடவில்லை. "வெளிய செருப்பு ஸ்டாண்டுல யார் செருப்பு எங்கன கிடக்குன்னு சொல்லவா டாக்டரம்மா?" என்று கேட்டு அவரைச் சிரிக்க வைத்தார். அடுத்து ஒரு தாளைக் கொடுத்தார்கள். அதில் எண்களும் எழுத்துகளும் சிதறிக் கிடக்கும். ஒன்றிலிருந்து 'அ'வுக்கு, அங்கிருந்து இரண்டுக்கு, பிறகு 'ஆ'வுக்கு என்று மாற்றி மாற்றிக் கோடு இழுக்க வேண்டும். அப்பா ஒன்று, இரண்டு, மூன்று என்று இழுத்துக்கொண்டே போனார். திருத்திச் சொன்னார்கள். சரி என்று தலையாட்டிவிட்டு மறுபடியும் நான்குக்கே போனார். மூன்றாவது தடவை பென்சில் தாளின் மேல் நின்றது, நகரவில்லை. பக்கத்தில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஸ்கேனில் வெள்ளைத் திட்டுகள் நிறைய இருக்கின்றன. ரத்தத்தில் அந்தப் புரதங்கள் அவர் வயதுக்காரர்களைவிட வெகுவாக ஏறியிருக்கின்றன. முடிவெல்லாம் வந்த பிறகு, இந்த மாதத் தொடக்கத்தில் டாக்டரம்மா எழுதிக் கொடுத்தது இது: 'ஞாபகத்தில் குறையில்லை. திட்டமிடுதல், மாற்றிச் செய்தல் ஆகியவற்றில் கடும் தாமதம். வாகனம் ஓட்டுவதைத் தவிர்க்கவும்.' அப்பா முதல் வரியை மட்டும் ஊர் முழுக்கப் படித்துக் காட்டிவிட்டார். கோயில் வாசலில் நின்று, "படிச்சுப் பாருங்க, ஞாபகத்துல குறையில்லையாம்" என்று சொல்கிறார் என மதலேனாள் அத்தை போனில் சிரிக்கிறது.

தினமும் காலையில் நம் ஊர்ப் பெண்களை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு கம்பம் மெட்டு மலைச்சாலையில் ஏறி, கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குப் போகிறவர் அவர். அந்தச் சாலை உனக்குத் தெரியும். நான் சொன்னேன், கேட்கவில்லை. ஜீப் உன் பெயரில் இருக்கிறது. நீ வந்து கேட்டால் சாவியைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். அதற்காகத்தான் எழுதுகிறேன். வேறு எதையும் உன்னிடம் கேட்கவில்லை.

ஷெரின்


மேகமலை
24 ஜூன் 2024

ஷெரினுக்கு,

கடிதம் வந்தது. தேயிலை ஃபேக்டரியில் ரோலர் பழுது. கை முழுக்க கிரீஸ். தாளில் கறை இருந்தால் அதுதான்.

உனக்கு நடந்தது முழுதாகத் தெரியாது என்று நினைக்கிறேன். யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அதனால் எழுதுகிறேன், ஒரு தடவைதான்.

அப்போது நதியாவுக்கு எட்டாம் மாதம். நான் இங்கே இருந்தேன். ஊரில் வீட்டில் அவளும் அவரும் மட்டும். மத்தியானம் அவளுக்கு ரத்தம் போக ஆரம்பித்திருக்கிறது. சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து, "மாமா, வண்டிய எடுங்க, ஆஸ்பத்திரிக்குப் போகணும்" என்று சொல்லியிருக்கிறாள். "சரித்தா" என்றாராம். செருப்பைப் போட்டிருக்கிறார். சாவியை எடுத்திருக்கிறார். அப்புறம் வாசல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். இவள் உள்ளே படுத்து, வண்டி ஸ்டார்ட் ஆகும் சத்தம் வருமா என்று கேட்டுக்கொண்டே கிடந்திருக்கிறாள். எழுந்து வர உடம்பில் தெம்பில்லை. அத்தை தோட்டத்திலிருந்து வந்துதான் பார்த்திருக்கிறது. "ஏண்ணே, சாவிய வச்சுக்கிட்டு உக்காந்திருக்க?" என்று கேட்டதற்கு "போகணும்" என்றாராம். போகணும் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தே இருந்தாராம். அத்தை கத்தி, சட்டையைப் பிடித்து இழுத்த பிறகுதான் எழுந்திருக்கிறார்.

தேனியில் டாக்டர், கொஞ்சம் முன்னால் வந்திருக்கலாமே என்று சொன்னார். பிள்ளையைத் துணியில் சுற்றி என் கையில் கொடுத்தார்கள். கல்லறையில் நான் அவர் முகத்தைப் பார்த்தேன். ஒரு பொட்டுக் கண்ணீர் இல்லை. சுவர் மாதிரி நின்றார்.

"ஏம்பா எந்திரிக்கல?" என்று கேட்டேன். "எந்திரிக்கணும்னுதாண்டா இருந்தேன்" என்றார். அதுதான் அவரிடம் நான் கடைசியாகப் பேசியது.

இப்போது ஜீப்பைப் பிடுங்க என்னைக் கூப்பிடுகிறாய். மகன் வஞ்சம் வைத்துப் பிடுங்கினான் என்று ஊர் பேசும். அவரும் அப்படித்தான் நினைப்பார். அந்தப் பேர் எனக்கு வேண்டாம். சாவியை நீயே வாங்கிக்கொள். படித்தவள்தானே.

நதியா நன்றாக இருக்கிறாள். உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

ஜான் பீட்டர்


மதுரை
14 ஜூலை 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் 'வண்டி எடுக்கத் தாமதமாயிற்று' என்பது மட்டும்தான். அப்பா சொன்ன பதில் எனக்குத் தெரியாது.

ஒன்றை எழுதலாமா கூடாதா என்று தயங்கிக்கொண்டே இருந்தேன். எழுதிவிடுகிறேன். இந்த நோயைப் பற்றி எங்கள் ஆய்வகத்தில் இருக்கும் கட்டுரைகளையெல்லாம் வீட்டுக்கு எடுத்துவந்து படித்தேன். மறதி நோய் என்றால் எல்லோரும் பெயரை மறப்பதையும் வழியை மறப்பதையும்தான் தேடுகிறோம். இது வேறு. சேர்த்து வைத்த நினைவெல்லாம் பெரும்பாலும் பத்திரமாக இருக்கும். நினைப்பதிலிருந்து செய்வதற்குப் போகும் பாதைதான் அறுந்துபோகிறது. எழுந்திருக்க வேண்டும் என்று தெரியும், விருப்பமும் இருக்கும், உடம்பு புறப்படாது. பக்கத்தில் யாராவது நின்று 'எழுந்திரு' என்று சொன்னால் சட்டென்று எழுந்துவிடுவார்கள். முகத்தில் அழுகை வராததும் அதில் ஒன்று. மற்றவர்கள் அதைக் கல்நெஞ்சு என்று எடுத்துக்கொள்வார்கள் என்று ஒரு கட்டுரையில் எழுதியிருந்தது. அந்த வரியின் கீழே கோடு போட்டு வைத்திருக்கிறேன்.

மன்னித்துவிடு என்று நான் சொல்லவில்லை. அன்றைக்கே அவருக்கு இது இருந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. இருந்திருக்கலாம் என்ற எண்ணம் எனக்கு வந்துவிட்டது. அதை நான் ஒருத்தி மட்டும் வைத்துக்கொண்டிருக்க முடியவில்லை.

போன சனிக்கிழமை ஊருக்குப் போய், காலையில் அந்த ஜீப்பில் நானும் ஏறினேன். முன் சீட்டில் அப்பாவுக்குப் பக்கத்தில் ஜக்கம்மா அக்கா. மேலத்தெரு ஜக்கம்மா, நம் அம்மா இருந்தவரை அவரோடு சேர்ந்து ஏலக்காய் எடுத்தவர். மெட்டு ஏற ஆரம்பித்ததும் வாயைத் திறந்தார், உச்சி போகும்வரை மூடவில்லை.

"பீட்டரண்ணே, பலாமரத்து வளைவு வருது, செகண்டுக்கு வாங்க."

அப்பா கியரை மாற்றினார்.

"ஆரன் அடிங்க. இப்ப ஒடிங்க, ஒடிங்க. அம்புட்டுதான். அந்தா பஸ்காரன் வாரான், ஒதுங்கி நில்லுங்க."

அப்பா ஸ்டீயரிங்கை ஒடித்து வளைவைக் கடந்து, ஒதுங்கி நின்றார். பின்னால் இருந்து ஒருவர், "ஜக்கம்மாவுக்கு ஒரு லைசென்ஸ் வாங்கிக் குடுத்துரலாம்டி" என்றார்.

"எனக்கெதுக்குடி லைசென்ஸ்? எனக்குத்தான் டிரைவரே இருக்காகளே" என்றார் ஜக்கம்மா அக்கா. எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். ஆனால் ஜக்கம்மா அக்கா சொல்லாத ஒரு வளைவையும் அப்பா எடுக்கவில்லை.

தோட்டத்து வாசலில் ஜக்கம்மா அக்காவைத் தனியே அழைத்துக் கேட்டேன். "போன மழைக்கு முன்னால இருந்தே இப்படித்தான் பாப்பா. ஒரு நா வளைவுல அப்படியே போனாக. நான் கத்தினேன், ஒடிச்சிட்டாக. அன்னையிலருந்து சொல்லிட்டே வாரேன். வேலையோட வேலை" என்றார். அப்படியென்றால் ஏன் ஏறுகிறீர்கள் என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மத்த ஜீப்புல ஏறிப் பாத்திருக்கியா? கோழியடைக்கிற மாதிரி அடைப்பானுக. ஓட்டுறவன் கை கியர்ல இருக்கா நம்ம தொடையில இருக்கான்னு பாத்துட்டே போகணும். உங்கப்பா வண்டியில அந்தப் பேச்சே இல்ல. நாங்க வழி சொல்லிக்கிறோம். நீ மதுரைப் படிப்பெல்லாம் கொண்டாந்து அவுகள வீட்டுல உக்கார வச்சிராத."

நீ வா.

ஷெரின்


மேகமலை
11 ஆகஸ்ட் 2024

ஷெரினுக்கு,

ரத்தம் எடுத்தது இந்த வருடம். என் பிள்ளை போனது இரண்டு வருடத்துக்கு முன்னால். இன்றைய ரத்தம் அன்றைக்கு நடந்ததைச் சொல்லுமா? சொல்லாது என்று நீயே எழுதியிருக்கிறாய். பிறகு எதற்கு அதை எனக்கு அனுப்பினாய்?

உன் கடிதத்தை நதியாவிடம் படித்துக் காட்டினேன். அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். அப்புறம் வந்து, "நான் அன்னைக்கு இன்னொரு தடவ கூப்பிட்டிருந்தா எந்திரிச்சிருப்பாகளோ" என்றாள். பார்த்தாயா, நீ அனுப்பியது எங்கே போய் நிற்கிறது என்று. இதுவரை குற்றம் அவர் ஒருத்தர் மேல் இருந்தது. இப்போது அவள் அதைத் தன் தலையில் எடுத்து வைத்துக்கொண்டாள். நான் யாரைக் கோபிப்பது? நோயையா? அவரைத் திட்டியாவது நாளை ஓட்டிக்கொண்டிருந்தேன்.

ஆனாலும் ஜக்கம்மா விஷயம் என்னை உறுத்துகிறது. நானும் அந்த ரோட்டில் ஓட்டியிருக்கிறேன். பலாமரத்து வளைவில் ஒரு நொடி பிசகினால் கீழே பள்ளம்தான்.

ஒன்று செய்கிறேன். இப்போது கொழுந்து வரத்து அதிகம், லீவு கேட்டால் மேனேஜர் கத்துவார். கிறிஸ்துமஸுக்கு வருகிறேன். வந்து ஜீப்பை எடுத்துக்கொள்கிறேன். அதுவரை ஜக்கம்மா சொல்லிக்கொண்டுதானே வருகிறது. இத்தனை மாதம் ஓடிய வண்டி இன்னும் சில மாதம் ஓடாதா. அவரிடம் இப்போதே சொல்லி வை. நான் சொன்னதாகவே சொல்.

ஜான் பீட்டர்


இராயப்பன்பட்டி
27 அக்டோபர் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

கிறிஸ்துமஸ்வரை காத்திருக்க வேண்டாம். இப்போதே வா.

நீ சொன்னதை அப்பாவிடம் சொன்னேன். "ஜானா சொன்னான்? வாரேன்னானா?" என்று அதை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார். ஜீப்பைக் கேட்கிறான் அப்பா என்றேன். "வரட்டும், வந்து எடுத்துக்கிறட்டும். அதுக்காகவாச்சும் வரட்டும்" என்றார். சாவியை உன் கையில்தான் தருவாராம்.

இந்த மாதம் மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்தோம். முன்பைவிட ஏறியிருக்கிறது. 'இது ஆய்வுக்கான எண்தான், இதை வைத்து நான் எதையும் உறுதியாகச் சொல்லக் கூடாது' என்றார் டாக்டரம்மா. பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "என் அப்பாவா இருந்தா வண்டி சாவிய இன்னைக்கே வாங்கியிருப்பேம்மா" என்றார்.

நான் வாங்கிப் பார்த்தேன். போன வாரம் ஒரு நாள் சாவியை எடுத்து என் பைக்குள் வைத்துக்கொண்டேன். விடிந்ததும் பெண்கள் சாப்பாட்டுத் தூக்குகளோடு வந்து நின்றார்கள். மழைத் தூறல். யாரும் என்னைத் திட்டவில்லை, கேட்கவும் இல்லை. ஜக்கம்மா அக்கா மட்டும், "இன்னைக்குப் போகலைன்னா அந்தத் தோட்டத்துல வேற ஆள எடுத்துருவான் பாப்பா" என்றார். அப்பா நாற்காலியில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சாவியைக் கொடுத்துவிட்டேன். படித்தவள்தானே என்று எழுதினாய். படித்தவள் இவ்வளவுதான் செய்தாள்.

கல்லறைத் திருநாளுக்காக உன் பிள்ளையின் சிலுவைக்கு வெள்ளையடிக்க வேண்டும் என்று அப்பாவே சுண்ணாம்பு வாங்கி வந்தார். வாளியில் கரைத்தார். வெள்ளையடிக்கும் மட்டையை நனைத்தார். அப்படியே வாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். சுண்ணாம்பு அடியில் படிந்து மேலே தண்ணீர் தெளிந்த பிறகும் உட்கார்ந்திருந்தார். கடைசியில் மதலேனாள் அத்தைதான் வாளியை வாங்கிக்கொண்டு போய் அடித்துவிட்டு வந்தது. அவருக்கு எதுவும் மறக்கவில்லை அண்ணே. அந்தச் சிலுவை எந்த வரிசையில் இருக்கிறது என்று அவர்தான் அத்தைக்குச் சொல்லி அனுப்பினார்.

மழை பிடித்துக்கொண்டது. மெட்டுச் சாலையில் இரண்டு இடத்தில் மண் சரிந்து கிடக்கிறது. வந்துவிடு.

ஷெரின்


மதுரை
1 டிசம்பர் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

ஜீப் விபத்தில் செத்துப்போன ஜக்கம்மா அக்காவை எடுத்த நாளிலிருந்து நான் பஸ் ஏறும்வரை நாம் ஒரே வீட்டில்தான் இருந்தோம். இதை அங்கே பேச முடியவில்லை. எது பேசினாலும் அப்பா காதில் விழுந்தது. போனில் பேசினால் நீ பாதியில் வைத்துவிடுவாய். கடிதம் நமக்குப் பழகிவிட்டது.

முத்துமாரியம்மாளைத் தேனி ஆஸ்பத்திரியில் பார்த்தேன். பின் சீட்டில் இருந்தவர். கையில் மாவுக்கட்டு. நான் கேட்காமலேயே சொன்னார்.

"மெட்டு ரோட்டுல கல்லு விழுந்து கிடக்குன்னு அடிவாரத்துலயே போலீஸ் மறிச்சிட்டாக. திரும்பிருவோம்னுதான் ஜக்கம்மா சொன்னா. தோட்டத்துக் கங்காணி போனைப் போட்டு, லோயர் கேம்ப் வழியா குமுளி ஏறி வாங்கன்னுட்டான். அந்த ரோட்டுல அவ பஸ்லதான் போயிருக்கா. எந்த வளைவு எங்கன இருக்குன்னு அவளுக்கென்ன தெரியும்? 'அண்ணே, இங்கன எனக்கு வழி தெரியாது, நீங்களே பாத்துப் போங்க'ன்னா. உங்கப்பா 'சரித்தா'ன்னாக. கொஞ்ச தூரம் நல்லாத்தான் போனாக. ஒரு வளைவுல எதிர்ல லாரி வந்துச்சு. அவுக பாக்காம இல்ல பாப்பா. வளைவையும் பாத்தாக, லாரியையும் பாத்தாக. கை திரும்பல, வண்டி நேரா லாரி மேல போகுது. நாங்க எல்லாரும் 'அண்ணே அண்ணே'ன்னு கத்துறோம். ஒடின்னு சொல்லணும்னு எங்க யாருக்கும் தோணல. அதச் சொல்றவ ஜக்கம்மாதான். அவ கண்ண மூடிக்கிட்டா."

சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அப்பா மேல் போட்டிருக்கும் கேசுக்காக நீ கேட்ட டாக்டர் கடிதத்தையும் ரத்தப் பரிசோதனைத் தாளையும் இத்துடன் அனுப்பியிருக்கிறேன். உடனே அனுப்பவில்லை. சில நாள் மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். டாக்டரம்மாவிடம் கேட்டேன். அன்றைக்கு அந்த நொடியில் அவர் கை ஏன் திரும்பவில்லை என்று எந்த எண்ணாலும் சாட்சி சொல்ல முடியாது, ஸ்கேனையும் சோதனையையும் சேர்த்துத் தான் கோர்ட்டில் வந்து சொல்வதாகச் சொன்னார். நல்லவர். ஆனால் அந்தத் தாளில் ஜூன் மாதத் தேதி இருக்கிறது. 'வாகனம் ஓட்டுவதைத் தவிர்க்கவும்' என்று இருக்கிறது. அதைப் படிக்கிறவர்கள், ஜூன் மாதத்திலிருந்து இது யாருக்கெல்லாம் தெரியும் என்று அடுத்ததாகக் கேட்பார்கள். கேட்க வேண்டும்.

இந்தப் பரிசோதனையைப் பற்றி முதலில் நான் உனக்கு எழுதியபோது, எதற்கு அனுப்பினாய் என்று கேட்டாய். இப்போது நீ கேட்கிறாய், எனக்குக் கொடுக்க மனம் வரவில்லை. ஏன் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

வேலைக்குப் போகிறேன். ஒவ்வொரு ரத்தக் குப்பியிலும் ஒரு எண் ஒட்டி வருகிறது. யார் என்று எங்களுக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பதே நல்லது என்று இப்போதெல்லாம் நினைக்கிறேன்.

ஷெரின்


இராயப்பன்பட்டி
19 ஜனவரி 2025

அன்புள்ள ஷெரினுக்கு,

தாள்கள் கிடைத்தன. பதில் எழுதச் சுணங்கிவிட்டேன். மேகமலை வேலையை விட்டுவிட்டேன். சாமான்களை நதியாவின் தம்பி வேனில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினான்.

இங்கே நாள் எப்படிப் போகிறது என்று நினைத்துக்கொண்டிருப்பாய். காலையில் "எந்திரிங்கப்பா" என்றால் எழுகிறார். "பல்லு விளக்குங்க" என்றால் விளக்குகிறார். போதும் என்று சொல்லாவிட்டால் விளக்கிக்கொண்டே இருக்கிறார். தட்டு முன்னால் இருக்கும். "சாப்பிடுங்க மாமா" என்று நதியா சொல்ல வேண்டும். முதல் வாரம் அவள் அவர் பக்கமே போகவில்லை. ஒரு நாள் நான் கடைக்குப் போய்விட்டு வர நேரமாகிவிட்டது. வந்து பார்த்தால் அவள் எதிரே உட்கார்ந்து, "ம், அடுத்த வாய்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். முகத்தில் கோபமும் இல்லை, இரக்கமும் இல்லை.

எனக்கு அவர் மேல் பாசம் திரும்பிவிட்டது என்று நினைத்துவிடாதே. சில நாள் அவருக்குப் பின்னால் நின்று, ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டே இருப்பேன். எவ்வளவு நேரம் அப்படியே இருப்பார் என்று பார்ப்பதற்கு. கெட்ட எண்ணம்தான். அன்றைக்கு நதியா கிடந்த நேரத்தை நான் அளந்துகொண்டிருக்கிறேன் என்று நினைக்கிறேன். பிறகு நானே பொறுக்க முடியாமல் "எந்திரிங்க" என்று சொல்லிவிடுவேன்.

வியாழக்கிழமை உத்தமபாளையத்தில் வக்கீலைப் பார்க்கப் போனோம். தாள்களைப் படித்தார், சந்தோஷப்பட்டார். "இது போதும் தம்பி. ஓட்டுனவருக்கு மூளையில நோய், தெரிஞ்சு செஞ்சதில்லைன்னு நிறுத்திரலாம்" என்றார். இன்னொன்றும் சொன்னார். "பொம்பளைக எல்லாம் தெரிஞ்சேதான ஏறியிருக்காக? செத்துப்போன அம்மாதான வழி சொல்லிட்டு வந்திருக்கு? அதையும் எடுத்து விடுவோம்." அதைச் சொல்லக் கூடாது என்றேன். "ஏன், உண்மைதான?" என்றார். உண்மைதான். ஆனாலும் ஜக்கம்மாவின் மகள் கோர்ட்டில் உட்கார்ந்து அதைக் கேட்க வேண்டியிருக்கும். சொன்னால் வேறு வக்கீல் பார்ப்பேன் என்றேன். சரி சரி என்று விட்டுவிட்டார்.

அப்பா எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கேட்கிறாரா இல்லையா என்றே தெரியவில்லை. வக்கீல் ஃபைலைக் கட்டிக்கொண்டிருந்தபோது வாயைத் திறந்தார். யாரும் பேசச் சொல்லவில்லை. தானாகவே பேசினார். இத்தனை நாளில் அவர் தானாக ஆரம்பித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"அப்படீன்னா, வண்டிய நான் ஓட்டலைன்னு ஆயிருமா?"

"நீங்கதான் ஓட்டுனீங்க. நோய்னால நடந்துச்சுன்னு ஆகும்" என்றேன்.

அதை யோசித்துக்கொண்டே இருந்தார். வக்கீலின் பையன் டீ கொண்டுவந்து வைத்தான். ஆடை கட்டிவிட்டது. குடியுங்கள் என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

"அப்ப ஜக்கம்மா யாராலடா செத்துச்சு?" என்றார்.

வக்கீல் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். அப்பா எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். பதிலுக்குத்தான் காத்திருந்தார். எழுதிக் கொடுத்தால் கையெழுத்துப் போட்டுவிடுவார் போல அவ்வளவு பொறுமையாக. பஸ்ஸில் வரும்போது மறுபடி கேட்பார் என்று பயந்தேன். கேட்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பித் திராட்சைத் தோட்டங்களைப் பார்த்துக்கொண்டே வந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. முகம் அசையவில்லை. அவருக்கு அழ வரும் என்று எனக்குத் தெரியாது. காற்றினாலும் இருக்கலாம்.

நான் யோசித்துப் பார்த்தேன். தாளை நான் கொடுக்கத்தான் போகிறேன். ஜெயிலில் அவரை எழுந்திரு, சாப்பிடு என்று யார் சொல்வார்கள்? உட்கார்ந்த இடத்திலேயே செத்துப்போவார். அதனால் கொடுப்பேன். கூடவே நானும் கூண்டில் ஏறிச் சொல்லப் போகிறேன். ஜூன் மாதமே என் தங்கை எழுதினாள், வண்டி என் பெயரில் இருக்கிறது, சாவியை வாங்கு என்றாள், கிறிஸ்துமஸுக்கு வருகிறேன் என்று நான் பதில் போட்டேன் என்று. வக்கீலுக்கு இது பிடிக்கவில்லை. கேஸ் உங்கள் பக்கம் திரும்பிவிடும் என்கிறார். திரும்பட்டும்.

அப்பா கேட்டதற்கு என்னிடம் இருக்கிற பதில் அது ஒன்றுதான். வாய்தா மார்ச்சில் வருகிறது. முடிந்தால் நீயும் வந்து பக்கத்தில் நில்.

ஜான் பீட்டர்